ரேவனஸ்: லாகூர்க்காரருக்கு ஒரு பசிச் சொல்லை விளக்கிய கதை

ஷார்ஜாவில் நான் தங்கியிருந்த அறையில் நான்கு கட்டில்கள். இரண்டில் தமிழர்கள், ஒன்றில் மலையாளி, ஜன்னலோரக் கட்டிலில் லாகூரிலிருந்து வந்த ஒரு டிரைவர். எங்கள் எல்லாரையும்விட வயதில் மூத்தவர் என்பதால் அவரை 'பாய் சாப்' என்றுதான் கூப்பிடுவோம். எனக்குத் தெரிந்த உருது முழுக்க அவரிடமிருந்து தொற்றிக்கொண்டதுதான்.

ஒரு நாள் இரவு ஊரிலிருந்து அவருடைய மகள் வீடியோ காலில் வந்தாள். ஏழாம் வகுப்பு. ஆங்கிலப் பரீட்சைத் தாளை கேமராவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஒரே புலம்பல். 'ரேவனஸ்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அகராதியில் அதற்கு 'ஷதீத் பூக்கா' என்று போட்டிருந்ததை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். ஷதீத் என்றால் கடுமையான, பூக்கா என்றால் பசித்தவன். அதை வைத்து அவள் எழுதிய வாக்கியத்தின் சாரம் இது: மூன்று நாளாகச் சாப்பிடாத கிழவர் ரேவனஸாக இருந்தார், அதனால் தெருவோரம் அசையாமல் சுருண்டு கிடந்தார். ஆசிரியை அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, பாதி மதிப்பெண்தான் போட்டிருக்கிறார்.

"மூணு நாள் பட்டினி. கடும்பசிதானே? இதில் என்ன தப்பு?" என்று பாய் சாப் போனை என்னிடம் நீட்டினார். அறையில் ஆங்கிலத்துக்கு நான்தான் பொறுப்பு. ஆசிரியை செய்தது சரி என்று உள்ளுக்குள் தெரிந்தது. ஏன் சரி என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அந்த 'நாளைக்கு' ஒரு வாரம் ஓடியது. அந்த வாரத்தில் சேர்த்ததுதான் இது. உங்களுக்கும் உருது பேசும் நண்பர் யாராவது இருந்தால் பயன்படலாம். நமக்கே பயன்படும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதலில் அடிப்படை. பசிக்கிறது என்பதை உருதுவில் 'முஜே பூக் லகீ ஹை' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், எனக்குப் பசி ஒட்டியிருக்கிறது. தாகம், குளிர், பயம் எல்லாவற்றுக்கும் அதே 'லக்னா'தான். எல்லாம் வெளியிலிருந்து வந்து என்மேல் ஒட்டிக்கொள்கிறவை. தமிழிலும் ஏறக்குறைய இதே கதை: எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தாகம் எடுக்கிறது, எனக்குக் குளிர்கிறது. நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், பசி என்னிடம் வருகிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'ஐ ஆம் ஹங்ரி' என்கிறபோது பசி ஆளின் குணமாகிவிடுகிறது. ஐ ஆம் டால், ஐ ஆம் ஹங்ரி. உயரம் மாதிரி பசியும். இது தெரியாமல் உருதுக்காரர் 'டு மீ ஹங்கர் இஸ்' என்று தொடங்கித் தடுமாறுவார். நாமும் பள்ளிக்கூடத்தில் இதே இடத்தில்தான் இடறினோம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். உருதுவும் தமிழும் பசியின் அளவைச் சொல்ல பெரும்பாலும் தனி உரிச்சொல்லைத் தேடுவதில்லை, ஒரு காட்சியைக் காட்டுகின்றன. வயிற்றுக்குள் எலி ஓடுகிறது என்று நம்மிடம் உண்டா? உருதுவிலும் உண்டு: 'பேட் மே சூஹே தௌட் ரஹே ஹை'. அதே வயிறு, அதே எலி. சிறுகுடலைப் பெருங்குடல் தின்கிறது, பசி காதை அடைக்கிறது, உயிர் போகிறது என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். ஆங்கிலமோ இந்தக் காட்சிகளில் பலவற்றை ஒற்றைச் சொல்லுக்குள் மடித்து வைத்துக்கொண்டது. அகராதிக்காரர் அந்த மடிப்பைப் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் 'ஷதீத் பூக்கா' என்ற ஒரே முத்திரையைக் குத்திவிட்டார். தமிழ் அகராதியிலும் 'கடும்பசியுள்ள' என்ற முத்திரை இருக்கிறது, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மடிப்பைப் பிரிக்கலாம். மூன்று சொற்கள் போதும்: ஸ்டார்விங், ஃபேமிஷ்ட், ரேவனஸ்.

ஸ்டார்விங் சுலபம். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டார்வ்' என்பதன் மூலச்சொல்லுக்குப் பொருள் 'சாவது', அவ்வளவுதான். நோயில் செத்தாலும் வாளால் செத்தாலும் அதே சொல். அதன் உறவுக்காரச் சொல்லான 'ஸ்டெர்பன்' ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் சாவதைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் காலப்போக்கில் பொருள் சுருங்கி, பட்டினியால் சாவது என்றாயிற்று. வட இங்கிலாந்துப் பேச்சு வழக்கில் அது குளிரில் விறைப்பதற்கும் போனது. அப்புறம் மதிய உணவு பத்து நிமிடம் தாமதமானால் அலுவலகத்தில் எல்லாரும் சொல்லும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. 'ஐ ஆம் ஸ்டார்விங்' என்றால் உருதுவில் 'பூக் ஸே ஜான் நிகல் ரஹீ ஹை', பசியில் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. தமிழில் 'கொலைப்பசி'. மூன்றிலும் சாவு இருக்கிறது, மூன்றிலும் யாரும் சாகப்போவதில்லை. பாய் சாப் இதைக் கேட்டதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். உச்சரிப்பில்தான் 'இஸ்டார்விங்' என்றார். உருதுவில் ஸ்கூலையே 'இஸ்கூல்' என்றுதான் எழுதுகிறார்கள், ஸ்டார்விங்குக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? எங்கள் ஊரிலும் இஸ்கூல் உண்டு என்றேன்.

ஒரு சிறு இலக்கணக் குறிப்பு. 'வெரி ஹங்ரி' சரி, 'வெரி ஸ்டார்விங்' சரியில்லை. உயிரே போகிறது என்ற பிறகு 'ரொம்ப' எதற்கு? அழுத்தம் வேண்டுமானால் 'ஆப்ஸல்யூட்லி ஸ்டார்விங்' என்பார்கள். ஃபேமிஷ்ட், ரேவனஸ் இரண்டுக்கும் இதே விதிதான்.

ஆனால் செய்தியில் 'ஸ்டார்விங் சில்ட்ரன்' என்று வந்தால் அங்கே மிகை எதுவும் இல்லை, அது நிஜமான பட்டினி. ஒரே சொல் கேன்டீனிலும் போர்க்களத்திலும் புழங்குகிறது. எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். அதனால் மதிய வேளையில் இந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுவேன். மற்றவர்களைத் திருத்தப் போவதில்லை.

அடுத்தது ஃபேமிஷ்ட். இதன் வேர் லத்தீனில் பசியைக் குறிக்கும் 'ஃபாமெஸ்'. அதே வேரிலிருந்துதான் பஞ்சத்தைக் குறிக்கும் 'ஃபேமின்' வந்தது. உருதுவில் பஞ்சம் என்றால் 'கஹத்', அரபியிலிருந்து வந்த சொல். பஞ்சத்தில் அடிபட்டவர் 'கஹத்-ஸதா'. சொல்லின் கட்டுமானத்தைப் பார்த்தால் ஃபேமிஷ்ட் என்பதற்குக் கஹத்-ஸதாதான் சரியான ஜோடி என்று தோன்றும். பாய் சாப்பும் அப்படித்தான் சொன்னார். இங்கேதான் தடுத்து நிறுத்த வேண்டும்.

ஏனென்றால் கஹத் என்ற சொல் இன்னும் கனம் குறையாமல் இருக்கிறது. 1783-84இல் டில்லியிலிருந்து லக்னோவைச் சுற்றிய அவத் பகுதி வரை வட இந்தியாவை ஒரு பஞ்சம் வாட்டியது. விக்ரம ஆண்டுக் கணக்கில் அது 1840, அதனால் அதற்குச் 'சாலீஸா' என்று பெயர். நாற்பதாம் ஆண்டுப் பஞ்சம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் பக்கம் 1876இல் தொடங்கிய பஞ்சத்துக்குத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர் வந்ததும் இப்படித்தான். அந்தச் சாலீஸா காலத்தில் லக்னோவில் நவாப் ஆசஃப்-உத்-தௌலா, பசித்த மக்களுக்கு வேலை கொடுக்கவென்று 1784இல் படா இமாம்பாடா என்ற மாபெரும் மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார். பகலில் சாதாரண மக்கள் கட்டுவார்களாம். வெளியே கை நீட்டக் கூச்சப்பட்ட உயர்குடிக்காரர்கள் இரவில் முகம் தெரியாமல் வந்து, பகலில் எழுப்பியதை இடித்துக் கூலி வாங்கிப் போவார்களாம். கதைதான், ஆனால் லக்னோவில் இன்றும் வாய்வழியாக ஓடும் கதை. பெரிய அண்டாக்களில் மாவு பூசி மூடி, தம் போட்டுச் சமைக்கும் முறையே அந்தக் கூலிக்காரர்களுக்குச் சோறு ஆக்கியதில்தான் பிறந்தது என்றும் சொல்வார்கள். 'மௌலா கொடுக்காதவனுக்கும் ஆசஃப்-உத்-தௌலா கொடுப்பார்' என்று உருதுவில் ஒரு சொலவடையே இருக்கிறது, மௌலா என்றால் இறைவன். இப்படியொரு நினைவைச் சுமக்கும் சொல்லை, பரோட்டா வரத் தாமதமானதற்காக யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. 'ஃபேமின்' இன்றும் கனமான சொல். இன்னும் சொல்லப்போனால் அளந்து பார்த்துத்தான் அறிவிக்கிறார்கள். ஐபிசி என்ற சர்வதேச உணவுப் பாதுகாப்பு அளவுகோல் இருக்கிறது. ஒரு பகுதியில் 20 சதவீதக் குடும்பங்களுக்காவது உணவு அடியோடு இல்லாமல் போய், 30 சதவீதக் குழந்தைகளுக்காவது கடும் ஊட்டச்சத்துக் குறைவு வந்து, 10,000 பேரில் நாளுக்கு 2 பேராவது பட்டினியாலோ அதோடு சேர்ந்த நோயாலோ இறந்தால்தான் அந்தச் சொல். ஃபேமிஷ்ட் மட்டும் வீட்டை விட்டு ஓடிப்போன தம்பி மாதிரி. நடைப்பயிற்சி முடிந்து வந்தவர் கதவைத் திறந்ததும் 'ஐ ஆம் ஃபேமிஷ்ட்' என்பார். நீண்ட நேரம் சாப்பிடாமல் காய்ந்து போயிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அதேபோல 'ஃபாக்கா' என்ற உருதுச் சொல்லையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. ஃபாக்கா என்றால் இல்லாமையால் அடுப்பு எரியாத நாள், நம் 'பட்டினி'. வறுமையிலும் கவலையில்லாமல் திரிவதற்கு 'ஃபாக்கா-மஸ்தி' என்று ஓர் அழகான கூட்டுச்சொல் உருதுவில் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை, தமிழிலும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஃபேமிஷ்டுக்கு உருதுவில் 'பூக் ஸே புரா ஹால் ஹை', பசியில் நிலைமை மோசம், என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். பாய் சாப் ஒப்புக்கொண்டார். கொஞ்சம் மனமில்லாமல்தான்.

இப்போது அந்தச் சிறுமி மாட்டிக்கொண்ட சொல்லுக்கு வருவோம்.

ரேவனஸ். உச்சரிப்பை முதலில் சரி செய்யலாம். 'ரே' என்பதை பேங்க், வேன் என்பதில் வருவது போல வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து சொல்ல வேண்டும். அண்டங்காக்கையைக் குறிக்கும் 'ரேவன்' வேறு, அதில் 'ரேய்' என்று இழுவை வரும். எழுத்து ஒன்றாக இருப்பதால், காக்கை மாதிரி கொத்தித் தின்பவன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். காக்கைக்கும் இதற்கும் உறவே இல்லை. காக்கையின் பெயர் ஜெர்மானிய வழியில் வந்தது. ரேவனஸ் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'ராபினா' என்றால் கொள்ளை, வாரிப் பிடுங்குவது. அதே வேரில் பிறந்த சொற்களைப் பாருங்கள்: இரையைப் பற்றிப் பறக்கும் கழுகு, பருந்து வகைகளுக்கு 'ராப்டர்' என்று பெயர். வேகத்தைக் குறிக்கும் 'ரேபிட்'. ஊரைச் சூறையாடுவதைக் குறிக்கும் 'ரேவேஜ்'. வெள்ளம் பாய்ந்து அறுத்த பள்ளத்துக்கு 'ரவீன்'. எல்லாவற்றிலும் ஒரு பாய்ச்சல், ஒரு பறிப்பு.

ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ரேவனஸ் என்றால் கொள்ளையடிக்கத் துடிக்கிறவன், இரைக்கு அலைகிற மிருகம். பசி பிறகு வந்து சேர்ந்தது. பழைய பொருள் உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே ரேவனஸ் என்பவன் பசித்தவன் மட்டும் இல்லை. சாப்பாட்டைப் பார்த்ததும் பாயப்போகிறவன். வயிறு காலியாக இருந்தால் போதாது, கையிலும் பல்லிலும் வேகம் இருக்க வேண்டும். அந்தத் தெருவோரக் கிழவரிடம் பசி இருந்தது, பாய்ச்சல் இல்லை. மூன்று நாள் பட்டினி அவர் உடம்பிலிருந்து அதை எடுத்துவிட்டது. சிவப்புச் சுழிப்புக்குக் காரணம் இதுதான்.

சரி, உருதுவில் இதற்கு என்ன? 'ஷதீத் பூக்கா'வைத் தூக்கி எறிந்துவிட்டு 'டூட் பட்னா'வை எடுத்துக்கொள்ளுங்கள். டூட்னா என்றால் உடைவது, பட்னா என்றால் விழுவது. 'கானே பர் டூட் படா' என்றால் உடைந்து விழுவது போலச் சாப்பாட்டின் மேல் விழுந்தான். எதிரிப் படைமேல் பாய்வதற்கும் இதே வினைதான். ரேவனஸ் யாரென்றால், தட்டு வந்ததும் அதன்மேல் டூட் படப்போகிறவன். நமக்கோ இதைவிடப் பொருத்தமாக ஒன்று இருக்கிறது: காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி. காய்ந்தது பசி, விழுந்தது பாய்ச்சல். ரேவனஸின் இரண்டு பாதிகளும் அதில் அப்படியே இருக்கின்றன. ராவணன் பெயர் காதில் விழுவதால் தமிழர்களுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ராவணனின் தம்பி கும்பகர்ணன் தூக்கம் கலைந்து எழுந்ததும் மலைமலையாகக் குவித்த சோற்றையும் இறைச்சியையும் வாரி விழுங்கினானே, அது ரேவனஸ். மொழியியல் ஒன்றும் இல்லை இதில், ஞாபகத்துக்கு ஆணி அடிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. உருதுவில் 'நதீதா' என்று ஒரு சொல் இருக்கிறது. நேர்ப்பொருள் 'பார்த்திராதவன்'. சோற்றையே கண்டறியாதவன் மாதிரி அள்ளிப் போட்டுக்கொள்பவனைத் திட்டும் சொல். பாய் சாப் ரேவனஸுக்கு இதைப் போடலாமா என்று கேட்டார். போடக் கூடாது. நதீதா வயிறு நிறைந்திருந்தாலும் அப்படித்தான் அள்ளுவான், அது பழக்கத்தின் கோளாறு. ரேவனஸில் வசை கிடையாது. காய்ச்சல் விட்டு எழுந்த குழந்தை, கால்பந்து ஆடிவிட்டு வந்த பையன், எவரும் ரேவனஸாக இருக்கலாம். 'ரேவனஸ் ஆப்படைட்' என்று பசிக்கே அடைமொழியாகவும் போடலாம்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: 'வொரேஷஸ்'. விழுங்குவது என்ற லத்தீன் வேர், ஊனுண்ணியைக் குறிக்கும் கார்னிவோரில் இருக்கும் அதே 'வோர்'. இது கொஞ்ச நேரப் பசி இல்லை, எப்போதும் விழுங்கிக்கொண்டே இருக்கும் சுபாவம். இப்போது அதிகம் கேட்பது புத்தகம் படிப்பவர்களைப் பற்றித்தான்.

கொஞ்சம் விலகிப்போகிறேன். எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத நோய்ப்பசிக்கு உருதுவில் 'ஜூ-உல்-பகர்' என்று பெயர், யுனானி ஹகீம்களின் சொல். அரபியில் ஜூ என்றால் பசி, பகர் என்றால் மாடு. மாட்டுப்பசி. ஏன் மாடு என்று கிரேக்கத்தில் போய்ப் பார்த்தால், அங்கே 'பூஸ்' என்றால் காளை, 'லிமோஸ்' என்றால் பசி. இரண்டும் சேர்ந்து 'பூலிமியா'. நாம் இன்றைக்கு மனநல மருத்துவரிடம் கேட்கும் 'புலிமியா' அதுதான். யுனானி என்ற சொல்லுக்கே கிரேக்க நாட்டது என்றுதான் பொருள், ஆகவே மாடு எந்த வழியில் வந்தது என்பதில் ஆச்சரியம் இல்லை. தமிழில் அதே நோய்க்கு மாடு போதவில்லை. மணிமேகலையில் காயசண்டிகை என்ற விஞ்சையப் (வித்தியாதர) பெண், முனிவருக்கென்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் மிதித்துச் சிதைத்துவிட, பன்னிரண்டு ஆண்டுகள் தீராப்பசியோடு அலையும்படி சாபம் வாங்குகிறாள். அந்தப் பசியின் பெயர் 'யானைத்தீ'. இதைச் சொன்னதும் பாய் சாப் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்குக் காளை, உங்களுக்கு யானை. கேரளாக்காரனுக்கு என்ன?" என்று மூன்றாவது கட்டிலைப் பார்த்தார். மலையாளி தூங்கிவிட்டிருந்தார்.

ஆங்கிலம் கையை விரிக்கும் இடமும் உண்டு. உருதுவில் பசி உச்சத்தில் இருக்கும்போது 'ஆந்தே குல் ஹுவல்லாஹ் பட் ரஹீ ஹை' என்பார்கள், குடல்கள் குல் ஹுவல்லாஹ் ஓதுகின்றன. குர்ஆனின் 112ஆம் அத்தியாயத்தின் தொடக்கம் அது, நான்கே வசனங்கள் கொண்ட சின்ன அத்தியாயம். பசித்த வயிற்றின் கடமுடா, யாரோ உள்ளே உட்கார்ந்து முணுமுணுவென்று ஓதுவது போலக் கேட்கிறதாம். உண்மையில் வயிறு காலியானபின் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து குடல்வழியாக ஒரு சுருக்க அலை ஓடி, மிச்சம் மீதியையும் காற்றையும் கீழே தள்ளுகிறது. சத்தம் அதனுடையது. ஆங்கில மருத்துவத்தில் இந்தச் சத்தத்துக்குப் 'போர்போரிக்மஸ்' என்று பெயர், அந்த ஒலியையே போலி செய்து கிரேக்கர்கள் வைத்தது. காதில் விழுகிற சத்தத்தை நன்றாகத்தான் பிடித்திருக்கிறார்கள், ஆனால் ஓதுகிற குடலின் குறும்பு அதில் எங்கே?

மகளுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. டூட் படா என்று நினைத்துக்கொள், ஓநாயை வைத்து எழுது, என்று மட்டும் சொன்னேன். அவள் எழுதி அனுப்பிய புதிய வாக்கியத்தில் ரேவனஸான ஓநாய் ஆட்டுமந்தைமேல் பாய்ந்தது. ஆசிரியை டிக் போட்டாராம்.

அந்த ரமலானில் ஒரு மாலை. பாய் சாப் விடியலுக்கு முன் ஸஹ்ரி சாப்பிட்டவர், நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்திருந்தார், இடையில் ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. தரையில் விரிப்புப் போட்டு பக்கோடா, பழச் சாட், ரூஹ் அஃப்ஸா எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். பாங்கு ஒலித்தது. அவர் கண்ணை மூடித் துஆ சொல்லி, ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து மெதுவாக மென்றார். தண்ணீரை மூன்று மிடறாகக் குடித்தார். நான் மதியம் இரண்டு மணிக்கு மீன் குழம்போடு வயிறு முட்டச் சாப்பிட்டவன். அவர் இரண்டாவது பேரீச்சைக்குக் கை நீட்டுவதற்குள் என் தட்டில் ஆறாவது பக்கோடா போய்க்கொண்டிருந்தது.

அவர் என் தட்டைப் பார்த்தார். "ரேவனஸ்?" என்றார். கொஞ்சம் யோசித்துத் தலையை ஆட்டிவிட்டு, அவரே திருத்திக்கொண்டார்: "நஹீ. நதீதா."